ஐந்து துண்டுகளும் ஒரு கிணறும்

விரித்து வைத்தால் மறுபடி சுருண்டுகொள்ளும் படக்கடதாசி அது. ஒரு மூலைக்கு மைக்கூடு, இன்னொன்றுக்கு உபவிதிப் புத்தகம், மூன்றாவதற்கு என் சாப்பாட்டுப் பெட்டி என்று பாரம் வைத்தேன். நான்காவது மூலையை பட்டினசபை வேலைகளை மேற்பார்க்கும் எங்கள் ஓவசியர் தன் பெருவிரலால் அமர்த்திக்கொண்டார். இருவருமாகக் குனிந்து பார்த்தோம். பார்த்த மாத்திரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சதுரமான ஒரு காணி. அதன் நடுவில் ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஐந்து கோடுகள் புறப்பட்டு ஐந்து பக்கமாக எல்லைக்கு ஓடின. வட்டத்துக்குள் பொடி எழுத்தில் ‘கிணறு’ என்று எழுதியிருந்தது. ஐந்து எல்லைக்கோடுகளும் ஒரு கிணற்றுக்குள் போய் விழுந்திருந்தன.

“இதைக் கீறேக்கை சேவையருக்கு வெறியோ?” என்று படம் கீறிய நில அளவைக்காரரைப் பற்றி ஓவசியர் சத்தமாகவே கேட்டார்.

“அந்த மனுசன் குடிக்கிறேல்லை. நான் சொல்லித்தான் அப்பிடிக் கீறினவர்” என்று வாசலில் கிடந்த மரவாங்கிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. விண்ணப்பக்காரி அங்கேயே இருக்கிறா என்பது எங்களுக்குத் தெரியாது. ஓவசியர் பெருவிரலை எடுத்தார். படம் சட்டென்று சுருண்டு என் சாப்பாட்டுப் பெட்டியில் இடித்தது. அப்படித்தான் பாலையடியம்மாவை நான் முதலில் அறிந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. வன்னியில் ரயில் நின்று போகிற ஒரு சிறு பட்டினம். அதன் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அந்த அம்மாவின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு எங்கெங்கோ நல்லாயிருக்கிறார்கள், அவர்களுக்கு நான் ஒரு சங்கடம் வைக்கக் கூடாது. பட்டினசபையில் எழுதுவினைஞராக எனக்கு வேலை. வீடு கட்டுகிறவர்களும் காணி பிரிக்கிறவர்களும் கொண்டுவரும் படங்களைச் சபையின் உபவிதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குறை இருந்தால் எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு ஓவசியருடன் போய் இடத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு அறிக்கை வைக்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கையில் சிவப்புப் பென்சில் வைத்திருக்கிறவனுக்கு வரும் நோய் எனக்கும் வந்திருந்தது. ஒரு படத்தில் மூன்று குறை கண்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு ருசித்தது. ஐந்து கண்டால் மாலையில் சைக்கிளில் போகும்போது பாட்டு வந்தது. இப்போது பத்திரிகைகளில் ‘அங்கீகரிக்கப்பட்ட காணித் துண்டுகள் விற்பனைக்கு’ என்று முழுப்பக்க விளம்பரம் வருகிறது. அந்த அங்கீகாரத்துக்குப் பின்னால் எந்தச் சிவப்புப் பென்சில் யாருடைய வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்புகிறேன்.

பாலையடியம்மாவின் படத்தில் நான் ஒன்பது குறை கண்டேன். அது என் சாதனை. ஐந்து துண்டுகளில் இரண்டுக்குத்தான் தெருமுகம் இருந்தது, மற்ற மூன்றுக்கும் போக வழியில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் இருபதடி அகலத் தெரு வேண்டும் என்பது சபையின் விதி. துண்டுகள் எல்லாம் கிணற்றை நோக்கிக் கூர்ந்து வந்ததால் குறைந்த அகலம் என்ற விதியில் ஐந்துமே விழுந்தன. மலகூடம் கிணற்றிலிருந்து ஐம்பதடி தள்ளியிருக்க வேண்டும், அதற்குப் படத்தில் இடமே குறிக்கவில்லை. ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் ஒரு பகுதியைப் பொதுத் தேவைக்கென்று சபைக்கு விடவேண்டும், அதுவும் இல்லை. மிச்சத்தைச் சொல்லி உங்களை அலுப்படிக்க மாட்டேன். ஒன்பதையும் அழகான கையெழுத்தில் எழுதி நீட்டினேன். அந்த அம்மா வாங்கி ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வாசித்தா. ஐம்பது வயது தாண்டியிருக்கும். நல்ல உயரம், வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு ஆண்கள் குடை. கணவர் இறந்து நாலைந்து வருடம். வயலை அவவே செய்வித்தா.

“எட்டும் நியாயம், தம்பி. மாத்தித் தாறன். கிணத்தை மட்டும் கேளாதையும்.”

“அம்மா, கிணறு ஏதாவது ஒரு துண்டுக்குள்ளை இருக்கட்டும். மற்ற நாலு பேருக்கும் காணி உறுதியிலை கிணற்றுப் பங்கு எண்டு எழுதலாம். எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்.”

அதற்கு அவ சொன்ன பதிலை நான் அறுபது வருடமாக வைத்திருக்கிறேன். “என்ர உறுதியிலையும் கிணத்துப் பங்கு எழுதித்தான் கிடந்தது. படலையிலை பூட்டுக் கிடந்தது.”

கதை சிறியதுதான். அவ பிறந்தது யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில். சீதனமாகக் கொடுத்த காணியில் கிணறு இல்லை. தமையனின் வளவிலிருந்த கிணற்றில் பங்கும் அதற்குப் போக வழியும் உறுதிப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தகப்பன் கண்ணை மூடி ஒரு மாதத்தில் தமையனின் மனைவி கிணற்றுக்குப் போகும் வாசல் படலையைப் பூட்டிவிட்டா. வழக்குப் பேசலாம், ஆனால் வழக்கு முடியும்வரை உலை வைக்காமல் இருக்க முடியாது. மூத்த மகளை வயிற்றில் வைத்துக்கொண்டு கோயில் கிணற்றிலிருந்து அரை மைல் குடம் சுமந்ததாகச் சொன்னா. அந்த வருடமே புருசனும் பெண்சாதியுமாக வன்னிக்கு வந்துவிட்டார்கள். இங்கே காடு வெட்டி, வயல் திருத்தி, பட்டினத்து ஓரத்தில் பெரிய பாலை மரம் ஒன்று நின்ற இந்த வளவை வாங்கினார்கள். அதனால்தான் ஊர் அவவைப் பாலையடியம்மா என்றது. பிறந்தது ஐந்தும் பெண்கள். மூத்தவர்கள் நாலு பேருக்கும் கலியாணம் முடிந்திருந்தது. கடைசி மகளுக்கு முள்ளியவளையில் ஒரு ஆசிரியரைப் பேசி, ஆவணியில் கலியாணம் என்று முடிவு செய்திருந்தார்கள். அதற்கு முன்னால் சபை அங்கீகரித்த படத்தோடு ஐந்து மகள்மாருக்கும் உறுதி எழுதிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரும் அதைத்தான் கேட்டிருந்தார்கள். அவ என் மேசைக்கு வந்தது பங்குனியில்.

“ஒருத்தியின்ரை வளவுக்குள்ளை கிணறு போச்சுதெண்டால் மற்ற நாலு பேரும் அவளின்ரை முகத்தைப் பாத்துத் தண்ணி அள்ளவேணும். என்ர பிள்ளையள் நல்லவளுகள்தான். என்ர அண்ணையும் நல்லவர்தான்” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனா. அதனால்தான் ஐந்து கோடும் கிணற்றுக்குள் விழுந்திருக்கிறது. ஆளுக்கொரு பங்குக் கிணறு, ஆருக்கும் முழுக் கிணறு இல்லை. உலகத்தில் எந்தப் பட்டினசபையும் அங்கீகரிக்காத அந்தப் படத்தில் எவ்வளவு யோசனை இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த கிழமை இடம் பார்க்கப் போனோம். ஓவசியர் நல்ல பருமன். சைக்கிளில் அவர் ஏறுவதை ஒருதரம் பார்த்தவன் தன் சைக்கிளை அவருக்கு இரவல் கொடுக்க மாட்டான். ஆனால் கண் கூர்மை. ஒரு வளவுக்குள் கால் வைத்தால் நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, மாரியில் வெள்ளம் எங்கே தேங்கும் என்று அளவுநாடா இல்லாமல் சொல்லிவிடுவார். காணி ஒன்றரை ஏக்கர். முன்பக்கம் தெரு, நடுவில் கிணறு, பின்பக்கம் கிடுகு வேலி. கிணறு வெண்கல்லால் கட்டிய பழைய துலாக் கிணறு, ஏற்றம் போல நெடிய கம்பில் வாளி தொங்கும். மூன்றாவது மகள் துலாவை மிதமாக இழுத்து அள்ளித் தந்தா. அந்தப் பட்டினத்தில் நான் குடித்த முதல் நல்ல தண்ணீர் அது. மற்றக் கிணறுகள் எல்லாம் சவர். நாங்கள் சபைக் கந்தோரில் குடித்த தேநீரே உப்புக் கரிக்கும். வளவுக்குள் இன்னும் இரண்டு இடத்தில் வெட்டிப் பார்த்த குழிகளை அம்மா காட்டினா. ஒன்று உப்பு, மற்றது கசப்பு. ஆளுக்கொரு கிணறு வெட்டுங்கோ என்று சொல்ல வந்த ஓவசியர் வாயை மூடிக்கொண்டார்.

நாங்கள் நிற்கும்போதே பின்வேலிக்கு அப்பால் பேச்சுக் குரல் கேட்டது. வேலிக்குப் பின்னால் சபையின் காணி. அங்கேதான் பட்டினத்தைத் துப்புரவு செய்கிற தொழிலாளரின் லயன் வீடுகள். சபையின் தண்ணீர் வண்டில் நாளுக்கு ஒருதரம் அவர்களிடம் போகும், சில நாள் போகாது. நாலைந்து பெண்கள் வேலியோரம் குடங்களை வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றார்கள். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வேலியிலிருந்த இடைவெளியால் உயரப் பிடித்து ஊற்றினா. வாளி குடத்தில் முட்டவில்லை. ஒரு சொட்டும் சிந்தவில்லை. நெடுநாள் பழக்கம் அது. “வண்டில் வரேல்லையாம். பாவங்கள்” என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தா. அவ இரக்கமுள்ளவ. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. நான் அதைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் அம்மா அப்படித்தான் ஊற்றுவா. ஆகவே பார்த்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. இடம் பார்த்த படிவத்தில் தெரு, சரிவு, கிணறு, மரம் எல்லாம் எழுதினேன். வேலியோரத்தில் நின்றவர்களைப் பற்றி எழுத அதில் இடம் இருக்கவில்லை.

வழி எனக்கு ஒரு சனிக்கிழமை பிடிபட்டது. பொதுத் தேவைக்கென்று சபைக்கு விடவேண்டிய பகுதி. வழக்கமாக ஆட்கள் அதற்குக் காணியிலுள்ள மோசமான மூலையைத்தான் தள்ளிவிடுவார்கள். பள்ளம், பாறை, கறையான் புற்று, இவைதான் எங்கள் சபையின் பொதுச் சொத்து. அந்தப் பகுதியைக் கிணற்றைச் சுற்றிப் போட்டால் என்ன? தெருவிலிருந்து இருபதடிப் பாதை நேரே கிணற்றடிக்கு வரும். இடப்பக்கம் இரண்டு துண்டு, வலப்பக்கம் இரண்டு, பின்னால் ஐந்தாவது. எல்லாத் துண்டுக்கும் பாதை உண்டு, அகலம் உண்டு. கிணறு ஒருத்தியின் வளவுக்குள்ளும் இல்லை. சபைக் கிணறு என்பதால் எந்தக் காலத்திலும் யாரும் பூட்டுப் போட முடியாது. கோடு கோடாகக் கீறினேன். ஒன்பது குறையும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. குறை கண்டுபிடிப்பதைவிடக் குறை தீர்ப்பதில் ருசி அதிகம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். திங்கட்கிழமை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கதிரை நுனியில் இருந்து பார்த்தா. “பூட்டேலாதோ? ஆராலும் பூட்டேலாதோ?” என்று இரண்டு தரம் கேட்டா. ஏலாது என்றேன். கண் கலங்கிவிட்டது. அடுத்தநாள் ஒரு சட்டி எருமைத்தயிர் வந்தது. விண்ணப்பக்காரரிடம் ஒன்றும் வாங்கக் கூடாது என்று நான் விதி பேசினேன். ஓவசியர் விதி பேசாமல் சாப்பிட்டார்.

சட்டியை வழித்துக்கொண்டே அவர் கேட்டார்: “சபைக் கிணறு எண்டால் ஆர் ஆர் அள்ளலாம் எண்டு யோசிச்சனீரோ?”

“எல்லாரும் அள்ளலாம்.”

“லயன் ஆக்களும்?”

உண்மையைச் சொன்னால், யோசிக்கவேயில்லை. வேலிக்கு மேலால் ஊற்றியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன், அந்தக் கிணற்றைப் பொதுக் கிணறு என்று எழுதும்போது அவர்களை நினைக்கவில்லை. இவ்வளவு உபவிதி படித்தவனுக்குப் பொது என்ற சொல்லில் யார் யார் அடக்கம் என்று ஒரு தயிர்ச்சட்டிக்கு முன்னால்தான் தெரிந்தது. ஓவசியர் கையைக் கழுவிவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். “சொல்லாதையும். படம் பாஸாகட்டும். முன்பக்கத் தெருவாலை சுத்தி வர அவைக்குக் கால் மைல். பயத்திலை ஒருத்தரும் வராயினம். மனுசியின்ரை காரியமும் நடக்கும், சபைக்கும் ஒரு கிணறு.” அவர் கெட்டவர் இல்லை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் அந்தக் காலத்தில் பாதி நியாயம் இப்படித்தான் ஓசைப்படாமல் நடந்தது.

எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் விட்டால் அந்த அம்மாவை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினவன் ஆவேன். சொன்னால் அவ மாட்டேன் என்பா, கலியாணம் கெடும். கடைசியில் சொல்வது என்று துணிந்தேன். துணிந்ததும் எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. சொல்வதுதான் சொல்கிறோம், முழுதாகச் செய்வோமே என்று பின்வேலியிலிருந்து கிணற்றடிவரை ஆறடி நடைபாதை ஒன்றையும் படத்தில் கீறினேன், லயன் ஆட்கள் தெருவைச் சுற்ற வேண்டியதில்லை என்று. பாதை ஐந்தாம் துண்டின் ஓரமாகப் போனது. வேறு வழியால் போக முடியாது, பின்பக்கம் முழுக்க ஐந்தாம் துண்டுதான். ஐந்தாம் துண்டு கடைசி மகளுக்கு. கீறி முடித்துப் பார்த்தபோது எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது.

படத்தைக் காட்டி நான் சொல்லி முடிக்கும்வரை அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனா. மூன்று கிழமை ஆளைக் காணவில்லை.

வந்தது மூத்த மருமகன். கூட்டுறவுக் கடையில் மனேச்சர், சத்தம் போட்டே பழகியவர். “எங்கடை கிணத்திலை ஆர் அள்ளுறது எண்டு நீர் பென்சிலாலை கீறித் தீர்மானிக்கிறீரோ?” என்று என் மேசையில் அடித்தார். மைக்கூடு கவிழ்ந்தது. நான் உபவிதிப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன், மை படாமலிருக்கவா அடி விழாமலிருக்கவா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாவது மருமகனும் அந்தப் பக்கம்தான் என்று கேள்விப்பட்டேன். பிறகு முள்ளியவளையிலிருந்து செய்தி வந்ததாக ஓவசியர் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார்கள். கிணறு சபைக்குப் போய், வாசலோரமாக அந்தப் பாதையும் வந்தால் தங்களால் சம்பந்தம் செய்ய இயலாது, குறை நினைக்க வேண்டாம் என்று. நான் பழைய படத்தை எடுத்து, கிணற்றை ஒரு துண்டுக்குள் அடக்கி, இன்னொரு படம் கீறி மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டேன். அவ வந்து கேட்டால் கொடுக்கலாம். எல்லாரும் செய்கிற மாதிரியான படம் அது. ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனி மாதம், சோளகக் காற்று தெருப்புழுதியைக் கந்தோருக்குள் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை அவ வந்தா. மெலிந்திருந்தா. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“எங்கை கையெழுத்து வைக்கிறது?”

“எந்தப் படத்திலை அம்மா?” லாச்சிக்குள்ளிருந்ததையும் எடுத்து வைத்தேன்.

அவ அதைப் பார்க்கவேயில்லை. “எனக்கு விருப்பம் எண்டு நினையாதையும். விருப்பமில்லை. மூண்டு கிழமையாய் நித்திரையில்லாமல் யோசிச்சுப் பாத்தன். பூட்டேலாத கிணறு வேணும் எண்டு கேட்டது நான்தானே. எனக்கு ஏத்த ஆக்களுக்கு மட்டும் பூட்டேலாத கிணறு எண்டு ஒண்டு இருக்கே? இருந்தால் காட்டும்.”

இல்லை என்றேன்.

“அப்ப தாரும்.”

பெரிய எழுத்தில், பெயர் முழுவதையும் எழுதினா. மை காயும்வரை ஊதினா. எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க மைக்கூட்டை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். சபைக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இலவசமாக ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு வருகிறது, வேண்டாம் என்று எந்தச் சபை சொல்லும்? படம் பாஸாகியது. கலியாணம் நின்றது. நான் அந்த வீட்டுப் பக்கம் போகாமல் சைக்கிளை வேறு தெருவால் விட்டேன்.

ஓவசியர் சொன்னதும் பாதி பலித்தது. துலாவை எடுத்துக் கப்பியும் சங்கிலியும் போட்டு, நடைபாதைக்கு வேலியைப் பிரித்து விட்டும், லயனிலிருந்து ஒருவர் வரவில்லை. பழைய இடத்தில், பழைய நாலடி தள்ளி, குடங்களோடு நின்றார்கள். அம்மாவும் பழையபடி ஊற்றினா. பத்து நாள் இப்படி நடந்தது. பதினோராம் நாள் அவ வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு வேலிக்குப் போய், “இனி நான் வாக்க மாட்டன். எனக்கு நாரி நோகுது. கிணறு உங்கடை சபையின்ரை. வந்து அள்ளுங்கோ” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாவாம். கோபத்தில் சொன்னாவோ, அன்பில் சொன்னாவோ, உண்மையில் குனிந்து அள்ளி இடுப்புத்தான் நொந்ததோ தெரியாது. கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றாவாம். முதலில் ஒரு கிழவி வந்து அள்ளினா. பிறகு எல்லாரும் வந்தார்கள். அம்மா ஒரேயடியாக மாறிவிட்டா என்று நான் எழுதினால் பொய். சில மாதம் சங்கிலியைக் கழுவிவிட்டுத்தான் தொட்டா. பிறகு கழுவ மறந்த நாட்கள் வந்தன. பிறகு அந்தப் பழக்கமே விட்டுப்போனது.

மூத்த மகளின் வீட்டில் பிடிவாதம் வேறு மாதிரிப் போனது. அவர்கள் தங்கள் துண்டுக்குள் தனிக் கிணறு வெட்டினார்கள். தண்ணீர் உப்பாகவே வந்தது. அதிலேயே சமைத்தார்கள், அதிலேயே தேத்தண்ணீர் போட்டார்கள், பால் திரைந்தது, திரைந்ததைக் குடித்தார்கள். நூற்றிருபதடி தூரத்தில் அந்தப் பட்டினத்தின் மிக நல்ல தண்ணீர் கிடந்தது. இரண்டாவது மகள் கொஞ்சநாள் அக்காவின் பக்கம் நின்று, பிள்ளை பிறந்ததும் ஒருநாள் பேசாமல் குடத்தோடு வந்துவிட்டா. மற்றவர்கள் ஆரம்பத்திலிருந்தே அள்ளினார்கள். பாலையடியம்மா கேட்டது ஐந்து பேருக்கும் தண்ணீர். நாலு பேருக்குக் கிடைத்தது. எனக்குக் கிளிநொச்சிக்கு மாற்றம் வந்தது.

ஆறு வருடம் கழித்து அவ காலமான செய்தி ஓவசியரிடமிருந்து தந்தியாக வந்தது. காலை ரயிலில் போய் இறங்கினேன். அம்மா கடைசிவரை இருந்தது கடைசி மகளின் வீட்டில், ஐந்தாம் துண்டில். அந்த மகளுக்குப் பிறகு ஒரு சம்பந்தமும் பொருந்தவில்லை. வீட்டில் தையல் வகுப்பு நடத்தினா. லயன் பெண்பிள்ளைகளும் அந்த ஆறடிப் பாதையால் வந்து அங்கே தைத்தார்கள் என்று பிறகு அறிந்தேன். முற்றம் நிறையச் சனம். பிரேதத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும், மகள்மார் கிணற்றடிக்குப் போனார்கள். மூத்தவவும் போனா. அந்தக் கிணற்றடிக்கு அவ வந்து ஆறு வருடம். அங்கே லயனிலிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண் நின்று செத்தவீட்டுக்காரருக்கென்று விடியற்காலையிலிருந்து யாரும் கேட்காமலே அள்ளிக்கொண்டிருந்தா. சங்கிலி அவவின் கையில். மூத்தவ குடத்தோடு நின்றா. முற்றத்துச் சனம் பேச்சை விட்டுப் பார்த்தது. மருமகன் மனேச்சர் வேலிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் வாளியைக் கீழே வைத்து ஒதுங்கப் பார்த்தா. “வந்து ஊத்தும், பரவாயில்லை” என்றா மூத்தவ. குடத்தைக் கிணற்றுக்கட்டில் வைத்தா. அந்தப் பெண் வாளியைக் குடத்து வாயில் சாய்த்து வைத்து, நிரம்பும்வரை ஊற்றினா. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதேன். செத்தவீட்டில் யார் ஏன் அழுகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாம் முடிந்து ஆண்கள் சுடலைக்குப் போன பிறகு, திரும்பும் ரயிலுக்கு நேரமிருந்ததால், நான் ஐந்தாம் துண்டின் வேலியோரம் நின்றேன். கடைசி மகள் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தா. அதற்கு முன்னால் நான் அவவோடு பேசியதே இல்லை. படத்தில் ‘துண்டு 5’ என்று எழுதியதோடு சரி. அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னேன். அம்மா எடுத்த முடிவு பெரியது, அதில் எனக்கும் ஒரு பங்கிருக்கிறது என்ற மாதிரி, அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமை கலந்துதான் வந்திருக்க வேண்டும்.

அவ பாதையைப் பார்த்துக்கொண்டு சொன்னா: “இந்தப் பாதையைக் கீறேக்கை என்னையும் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், ஐயா.”

கோபம் இல்லை. குறை சொல்கிற குரலும் இல்லை. நான் மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தேன். சேவையரைக் கேட்டோம், அம்மாவைக் கேட்டோம், மருமகன்மார் கேட்காமலே வந்து சொன்னார்கள், முள்ளியவளையிலிருந்து ஆள் வந்து சொன்னது, சபை கைதூக்கிச் சொன்னது. யாருடைய காணியின் ஓரத்தால், யாருடைய கலியாணத்தின் குறுக்கால் அந்தப் பாதை போனதோ அவவிடம் நானும் கேட்கவில்லை, அவவின் தாயும் கேட்கவில்லை.

“கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர், தங்கச்சி?”

“ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்” என்று சொல்லிவிட்டு வெறுங் கிளாஸை என் கையிலிருந்து வாங்கினா. “ஆனால் கேட்டிருக்கலாம்.”